கிகாபிட் அடாப்டர் மாட்டியும் வேகம் 94-ஐத் தாண்டாதது ஏன்?

புது லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை. அதனால் அட்டையில் "யூஎஸ்பி 3.0 கிகாபிட்" என்று போட்டிருந்த ஒரு அடாப்டர் வாங்கினீர்கள். கிகாபிட் என்றால் 1000 எம்பிபிஎஸ். வீட்டு ஃபைபர் இணைப்பு 300 எம்பிபிஎஸ். வைஃபையில் 200 வரை வருகிறது. வயர் மாட்டினால் 94-க்கு மேல் ஏறவில்லை, வீடியோ காலும் நடுநடுவே அறுந்துபோகிறது. "அடாப்டர் போலியா, யூஎஸ்பி வழியாக வந்தால் இவ்வளவுதானா, வேறு எது வாங்கலாம்" என்று கேட்கிறீர்கள். வாங்குவதைப் பற்றிய கேள்வியாக இருந்தாலும், அதற்கு முன்னால் தெரியவேண்டியது குறை எந்தப் பக்கம் என்பது. அடாப்டரின் ஒரு முனை லேப்டாப்போடு யூஎஸ்பி பேசுகிறது, மறு முனை ரவுட்டரோடு ஈதர்நெட், அதாவது லேன் வயரின் மொழி, பேசுகிறது. இரண்டு முனையும் தனித்தனியாக வேகத்தை முடிவு செய்துகொள்கின்றன. எந்த முனை குறைந்த வேகத்துக்கு ஒத்துக்கொண்டதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். 94 என்ற எண் யூஎஸ்பி பக்கத்தில் பிறப்பதில்லை. ஈதர்நெட் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கும்போது வரும் எண் அது. தரவு பாக்கெட் என்ற சிறு பொதிகளாகப் பிரிந்துதான் போகிறது. முழு அளவுப் பாக்கெட் ஒன்று வயரில் 1538 பைட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அதில் உங்கள் தரவு 1448 முதல் 1460 பைட் வரைதான். மீதி முகவரிகள், சரிபார்ப்பு, பாக்கெட்டுகளுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 94, 95 வரும். அதே கணக்கில் கிகாபிட் இணைப்பு 940 காட்டும். யூஎஸ்பி பக்கம் குறைந்தால் எண் வேறு மாதிரி இருக்கும். கிகாபிட் அடாப்டரை யூஎஸ்பி 2.0-இல் சொருகினால், பெயரளவில் 480 எம்பிபிஎஸ் இருந்தாலும் கைக்கு வருவது ஏறக்குறைய 300. 2018-இல் வந்த ராஸ்பெர்ரி பை 3பி பிளஸ் போர்டில் கிகாபிட் லேன் இப்படி யூஎஸ்பி 2.0 வழியாகத்தான் போகிறது, அதனால் அதன் உச்சம் 300 எம்பிபிஎஸ் என்று தயாரித்தவர்களே அறிவித்தார்கள். வேகம் 10-ஐக்கூடத் தொடவில்லை என்றால் உள்ளே இருப்பது 12 எம்பிபிஎஸ் மட்டுமே போகும் பழைய யூஎஸ்பி 1.1 சிப்பாக இருக்கலாம், மிக மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் "2.0" என்று அச்சிட்டு இதைத்தான் வைத்து விற்கிறார்கள். ஆக, உங்கள் அடாப்டரை யூஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டியிருந்தால்கூட 94-இல் நின்றிருக்காது. குறை ஈதர்நெட் பக்கம்தான்.

ஈதர்நெட் பக்கம் என்றால் அடாப்டரின் சிப், வயர், ரவுட்டரின் போர்ட் என்று மூன்று இடம் இருக்கிறது. இந்த மூன்றில் எது என்பதை நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சோதித்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சோதிப்பதற்கு முன் வைஃபையை அணைத்துவிடுங்கள். வயரும் வைஃபையும் சேர்ந்து இருக்கும்போது விண்டோஸ் இணைப்பு வேகத்தைப் பார்த்து ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும். வயர் 100-இல் நின்றால் வேகமான வைஃபை பக்கமே அது போய்விடலாம், நீங்கள் அளப்பது எது என்றே தெரியாமல் போகும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போய்க் கீழே இறங்கினால் "லிங்க் ஸ்பீட்" என்று ஒரு வரி இருக்கும். அங்கே 100/100 என்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். இனி ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பார்க்கவேண்டியது இந்த வரியைத்தான். ஸ்பீட் டெஸ்ட் இணையத்தின் நெரிசலையும் சேர்த்து அளக்கும். இந்த வரி உங்கள் மேசையிலிருந்து ரவுட்டர் வரைக்கும் மட்டும் சொல்லும்.

சிப்பைச் சோதிக்க வயரைத் தொடவே வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலைத் திறந்து பெயரைப் படியுங்கள். ரியல்டெக் சிப் என்றால் "யூஎஸ்பி ஜிபிஇ ஃபேமிலி கன்ட்ரோலர்" என்றோ "யூஎஸ்பி எஃப்இ ஃபேமிலி கன்ட்ரோலர்" என்றோ இருக்கும். ஜிபிஇ என்றால் கிகாபிட். எஃப்இ என்றால் ஃபாஸ்ட் ஈதர்நெட், அதாவது 100 மட்டும். பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது ஏறாது. பெயர் புரியவில்லை என்றால் அதன் மேல் இரண்டு முறை தட்டி, அட்வான்ஸ்டு என்ற தாவலில் "ஸ்பீட் அண்ட் டியூப்ளெக்ஸ்" வரியைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்துப் பட்டியலில் 1.0 ஜிபிபிஎஸ் என்ற தேர்வே இல்லை என்றால் சிப்புக்கு அந்தச் சக்தி இல்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேர்வு இருக்கிறது, ஆனால் மதிப்பு 100-இல் வைக்கப்பட்டிருக்கிறது என்றால் "ஆட்டோ நெகோஷியேஷன்" என்று மாற்றுங்கள். வேகம் வேண்டும் என்று இங்கே கையால் எதையும் பூட்டி வைக்காதீர்கள். வயரில் போகும் கிகாபிட்டுக்கு இரண்டு முனையும் பேசி ஒத்துக்கொள்வது கட்டாயம். ஒரு முனையை மட்டும் 100 ஃபுல் டியூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிவது) என்று பூட்டினால், பதில் கிடைக்காத மறுமுனை ஹாஃப் டியூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய்விடும். விளக்கு எரியும், பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) போகும், பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் ஊர்ந்து போகும். இந்தக் கோளாறைத் தேடுவதில் பலர் நாள்கணக்கைத் தொலைக்கிறார்கள்.

சிப் சரியென்றால், என் சந்தேகம் வயர் மேல்தான். காரணம் உங்கள் இரண்டாவது புகார். கால் அறுந்துபோவதற்கும் வேகம் 94-இல் நிற்பதற்கும் ஒரே கம்பி காரணமாக இருக்க முடியும். லேன் வயருக்குள் நான்கு ஜோடி, எட்டுக் கம்பி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு நீலம், பழுப்பு உட்பட நான்கு ஜோடியும் வேண்டும். "கிகாபிட் போகலாமா" என்ற பேச்சு முதல் இரண்டு ஜோடியில்தான் நடக்கிறது, அதனால் பேச்சு நல்லபடி முடிந்துவிடும். பிறகு நான்கு ஜோடியிலும் ஓடிப் பார்க்கும்போது நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி தொடவில்லை என்றால் இணைப்பு விழும். நல்ல சிப் இரண்டு மூன்று முறை முயன்றுவிட்டு 100-க்கு இறங்கி நின்றுகொள்ளும். அந்தக் கம்பி சில நேரம் தொட்டும் சில நேரம் விட்டும் இருந்தால், இணைப்பு அறுந்து திரும்பப் பேசி எழுந்திருக்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்தச் சில விநாடிகள்தான் உங்கள் வீடியோ கால் உறைந்து நிற்கும் நேரம்.

சுவரிலிருந்து வரும் வயரில் கிளிப் அடித்த முனையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கொக்கி கீழே இருக்க, பொன்னிறத் தகடுகள் மேலே தெரிய, வயர் உங்கள் பக்கம் வரும்படி பிடித்தால் இடமிருந்து வலம் 1 முதல் 8. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசை இருக்கவேண்டும். எட்டுக் கம்பியும் கிளிப்பின் முன்சுவர் வரை போய் முட்டியிருக்கவேண்டும். ஒன்று இரண்டு மில்லிமீட்டர் பின்தங்கி நின்றாலும் தகடு அதைக் கடிக்காது. வெளி உறை கிளிப்புக்குள் நுழைந்து பிடிபட்டிருக்கவேண்டும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் வெறுமையாகத் தெரிந்தால், மேசையை நகர்த்தும்போதெல்லாம் இழுபடுவது அந்த மெல்லிய கம்பிதான். சில வீடுகளில் நான்கு கம்பியை மட்டும் அடித்துவிட்டு மீதி நான்கை வெட்டிவிட்டிருப்பார்கள், அல்லது ஒரே வயரைப் பிரித்து இரண்டு கணினிக்குக் கொடுத்திருப்பார்கள். 100 எம்பிபிஎஸ் காலத்தில் அது ஓடியது. இன்று உங்கள் 300 திட்டத்துக்கு அது தடை.

எட்டு விளக்குள்ள மலிவான லேன் டெஸ்டரை முழுக்க நம்பிவிடாதீர்கள். கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டும் அது சொல்லும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி தப்பாக, ஆரஞ்சு ஆரஞ்சு பச்சை பச்சை நீலம் நீலம் என்று நேராக அடுக்கி அடித்திருந்தால் டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும். ஆனால் ஜோடியாக வேலை செய்யவேண்டிய 3-ஆம் 6-ஆம் பின்கள் ஒரே ஜோடியின் இரு கம்பிகளாக இருக்காது. ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகள் ஒரு ஜோடியாக வேலை செய்தால்தான் வெளி இரைச்சல் கழிந்துபோகும். ஜோடி கலைந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதேபோல அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பியையும் டெஸ்டர் பிடிக்காது. கம்பியின் நுனியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். அந்த வகையில் மின்தடை அதிகம், வளைத்த இடத்தில் எளிதில் ஒடியும், லேன் வயருக்கான கேட் 5இ, கேட் 6 தரவிதிகள் அதை ஏற்பதும் இல்லை. சுவருக்குள் புதிதாக இழுப்பதாக இருந்தால் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கிகாபிட்டுக்குக் கேட் 5இ 100 மீட்டர் வரை போதும். வீட்டுக்கு கேட் 6-க்கு மேல் செலவழிக்க அவசியம் இல்லை.

மூன்றாவது இடம் ரவுட்டர், அல்லது ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி. ஒரே பெட்டியில் ஒரு போர்ட் கிகாபிட்டாகவும் இன்னொன்று 100 மட்டும் போவதாகவும் உள்ள மாடல்கள் புழக்கத்தில் உண்டு. பின்பக்கம் ஜிஇ, எஃப்இ என்றோ, ஒரு போர்ட் மட்டும் வேறு நிறத்திலோ குறித்திருப்பார்கள். பல வீடுகளில் தொலைக்காட்சி பெட்டி கிகாபிட் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், கணினி எஃப்இயில் தொங்கும். இடம் மாற்றிப் போட்டாலே வேலை முடிந்தது. ஓஎன்டிக்குப் பின்னால் தனி ரவுட்டர் வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள சிறிய வயரையும் சந்தேகப்படலாம், ஆனால் உங்களுக்கு வைஃபையில் 200 வருவதால் அந்தத் துண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

எனவே செய்யவேண்டியது: ஆலையிலேயே கிளிப் பொருத்தி வரும் ஒரு மீட்டர் வயரை வாங்குங்கள் அல்லது இரவல் வாங்குங்கள். லேப்டாப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் கிகாபிட் போர்ட்டில் நேராக மாட்டுங்கள். லிங்க் ஸ்பீட் 1000 ஆகி, அதே போர்ட்டில் பழைய வயரை மாட்டினால் 100 என்றால் பழைய வயர்தான் குற்றவாளி. இரண்டு முனையிலும் புதிதாகக் கிளிப் அடிக்கச் சொல்லுங்கள். அடிப்பவர் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் அடிக்கவேண்டும். அப்போதும் 100 என்றால் அதே வயரில், அதே போர்ட்டில், லேன் உள்ள வேறொரு கணினியை மாட்டுங்கள். அது 1000 காட்டினால் உங்கள் அடாப்டரைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை.

கால் அறுவதற்கு வயரைத் தவிர வேறு இரண்டு காரணங்களும் இருக்கலாம். வயரை மாற்றிய பிறகும் அறுந்தால் மட்டும் இவற்றைப் பாருங்கள். ஒன்று மின்சிக்கனம். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரம் மிச்சப்படுத்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி தரும் கட்டத்தில் டிக்கை எடுங்கள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்தத் தாவலே இருக்காது. அப்போது பவர் ஆப்ஷன்ஸில் "யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்" இருந்தால் அதை அணைத்துப் பாருங்கள். அட்வான்ஸ்டு பட்டியலில் "எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்", "கிரீன் ஈதர்நெட்" இருந்தால் அவற்றையும் அணைத்துப் பார்க்கலாம். சில ரவுட்டர்களோடு இவை ஒத்துப்போவதில்லை. ஒவ்வொன்றாக மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது.

இன்னொன்று மின்சாரமும் சொருகலும். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து மாட்டினால் அடாப்டருக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல் விழுந்து எழும். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. லேப்டாப்பிலேயே நேராக மாட்டுங்கள். அடாப்டரின் தட்டை வாய்க்குள் பார்த்தால் 3.0 வகையில் முன்வரிசையில் நான்கு தகடும் உள்ளே பின்வரிசையில் ஐந்து சிறிய தகடும் தெரியும். பின்வரிசை இல்லை என்றால் அது 2.0-தான், வாயின் பிளாஸ்டிக் நீல நிறமாக இருந்தாலும் சரி. இந்தப் பின்வரிசை கடைசியில்தான் தொடும் என்பதால், மெதுவாக அரைகுறையாகச் சொருகினால் கணினி 2.0 என்று முடிவு செய்துகொண்டு விடும். ஒரே அழுத்தில் முழுக்கச் சொருகுங்கள்.

லேன், எச்டிஎம்ஐ, யூஎஸ்பி எல்லாம் சேர்ந்த டைப்-சி ஹப் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள், இதைப் பெட்டியில் எழுதமாட்டார்கள். டைப்-சி வயருக்குள் அதிவேக வழித்தடங்கள் நான்கு. பெரிய மானிட்டரை 4கே, 60 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது சில ஹப்கள் நான்கையும் படத்துக்கே கொடுத்துவிடும். மிச்சம் இருப்பது பழைய யூஎஸ்பி 2.0 கம்பிகள் மட்டும். மானிட்டரை மாட்டிய கணத்தில் கிகாபிட் லேன் 300-க்கு இறங்கிவிடும், லிங்க் ஸ்பீடோ 1000 என்றே காட்டிக்கொண்டிருக்கும். மானிட்டரைக் கழற்றி ஒரு முறை அளந்தால் பிடிபட்டுவிடும். உங்கள் 300 திட்டத்துக்கு இது பெரிய இழப்பில்லை. வீட்டுக்குள் கோப்பு சேமிக்கும் சர்வர் வைத்திருப்பவர்களுக்குத்தான் வலிக்கும்.

அடாப்டரை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறினாலோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மங்கினாலோ பதற வேண்டாம். யூஎஸ்பி 3.0 ஓடும்போது அந்த அலைவரிசையில் இரைச்சல் கசிகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. மவுஸின் ரிசீவரை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

யூஎஸ்பி வழி என்பதாலேயே தரம் குறைவா என்ற கேள்விக்கு: கிகாபிட் வரை, நல்ல சிப்பில், வீட்டு உபயோகத்துக்கு வித்தியாசம் தெரியாது. பிங் நேரத்தில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவாகக் கூடும், பிராசஸருக்குக் கொஞ்சம் வேலை அதிகம். அலுவலக டாக் (லேப்டாப்பை மானிட்டர், லேன் எல்லாவற்றோடும் ஒரே வயரில் இணைக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். லேப்டாப் தூங்கியபின் டாக்கில் உள்ள லேன் சிப், தரவைத் தேக்கி வைக்கும் தன் இடையகம் நிரம்பியதும் "நிறுத்து" என்று சொல்லும் பாஸ் ஃபிரேம் செய்திகளை இடைவிடாமல் அனுப்பி, அந்த ஸ்விட்சில் (பல லேன் வயர்களை ஒன்றுசேர்க்கும் பெட்டி) உள்ள மற்றவர்களின் இணைப்பையும் முடக்கும் கோளாறு சில டாக்குகளில் உண்டு. டாக்கின் வயரைப் பிடுங்கினால் எல்லோருக்கும் திரும்பும். நிரந்தரத் தீர்வு டாக்கின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பிப்பது, அந்த "நிறுத்து" செய்திக்குக் கட்டுப்படவைக்கும் ஃப்ளோ கன்ட்ரோலை ஸ்விட்சில் அணைப்பது.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் பிராண்டைவிடச் சிப்பைப் பாருங்கள். ரியல்டெக் 8153, ஏசிக்ஸ் 88179ஏ இரண்டும் கிகாபிட்டுக்கு நம்பகமானவை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2.5 கிகாபிட்டுக்கு ரியல்டெக் 8156பி. ஆனால் ரவுட்டரிலும் 2.5 போர்ட் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு, உங்கள் திட்டத்துக்கு வேண்டாம். சிப்பின் பெயரைச் சொல்லாத விற்பனைப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் மூன்று பொருட்களிடமும் எச்சரிக்கை: யூஎஸ்பியை லேன் வயர் வழியாக நீட்டிக்கும் எக்ஸ்டெண்டர், ரவுட்டரைக் கட்டமைக்கும் கன்சோல் கேபிள், ஒரு லேன் ஓட்டையை இரண்டாக்கும் ஸ்பிளிட்டர். முதல் இரண்டும் கணினியை நெட்வொர்க்கில் சேர்க்காது. மூன்றாவதில் இரண்டு கணினியை ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது; அதற்கு ஒரு சிறிய ஸ்விட்ச் வேண்டும்.

கல்லூரி விடுதி, அலுவலகம் போல மேக் முகவரியை (ஆப்பிள் மேக் அல்ல, ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) பதிந்து அனுமதி தரும் இடங்களில் அடாப்டரின் முகவரிதான் பதிவாகும், லேப்டாப்பின் வைஃபை முகவரி அங்கே உதவாது. அடாப்டரை மாற்றினால் புதிய முகவரியைத் திரும்பக் கொடுக்கவேண்டும்.

சோதனையில் கடைசியாக அடாப்டர்தான் என்று தேறினால், புது வயரோடு எடுத்த லிங்க் ஸ்பீட் படம் ஒன்று, அதே வயரில் மற்ற கணினி 1000 காட்டும் படம் ஒன்று, டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயர் தெரியும் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். "வேகம் வரவில்லை" என்று மட்டும் எழுதினால் உங்கள் இணைய நிறுவனத்தைக் கேளுங்கள் என்று பதில் வரும். இந்த மூன்று படங்களோடு போனால் அப்படிச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.